சுவரில் குத்தினால் எலும்பு இறுகாது

தம்பி, "தோட்ட லயத்து வீட்டுச் சுவரில் தினமும் நூறு குத்து, ஒரே மாதத்தில் எலும்பு இரும்பாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. சுமைக்கேற்ப எலும்பு இறுகும், சரி. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், இடையில் ஓய்வும் வேண்டும். ஒரு மாதத்தில் தடிப்பது தோல்தான். கொழுந்து பறிக்கும் அம்மாமாரின் விரலைப் பாருங்கள், காய்ப்பு தோலோடு நின்றுவிடும்.

கராத்தேயின் மகிவாரா பலகை குத்தியதும் பின்னால் வளையும். சுவர் வளையாது, அடி கைக்கே திரும்பும். சுவரில் குத்தித்தான் எனக்குச் சுண்டுவிரல் எலும்பு முட்டிக்குக் கீழே உடைந்தது. இன்றும் முட்டி உள்ளே இறங்கியிருக்கிறது. அட்டன் மலைக் குளிரில் வாளியைத் தூக்கினால் சுள்ளென்று வலிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனிக்கு அருகே வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அவர்களுக்குத் தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.