தமிழ் அச்சுக்கு இந்த வழி வீண் அல்ல

வலைத்தள வடிவமைப்பு மென்பொருளில் அச்சுப் பக்கங்களை அமைப்பது வீண்வேலை என்று ஒரு கட்டுரையாளர் தம் கட்டுரையில் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை. தமிழுக்கு இதில் பெரிய ஆதாயம் இருக்கிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோத்த பக்கங்களின் எழுத்துருவை இன்று மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். வலைப்பக்கமாக அமைத்ததை உலாவியிலிருந்தே பிடிஎஃப் ஆக்கி அச்சிடலாம்; உலாவியோ ஒருங்குறித் (யூனிகோடு) தமிழைக் கொம்பும் காலும் பிசகாமல் காட்டுகிறது. பக்க அளவு, ஓரம் எல்லாவற்றையும் வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் மில்லிமீட்டரிலேயே சொல்லலாம். குரோம் உலாவியின் 131ஆம் பதிப்பு முதல் ஓரத்தில் பக்க எண் இடவும் வழி உண்டு.

சிக்கல் படத்திலும் நிறத்திலும்தான். ஏ4 அகலம் முழுக்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் படம் வர ஏறத்தாழ 2,480 பிக்சல் வேண்டும். திரைக்குப் போதுமான 800 பிக்சல் மங்கிவிடும். உலாவி தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) இருக்கும், தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் அச்சுக்கோ சிஎம்ஒய்கே (சியான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு மை) தேவை. மாற்றும்போது கருப்பு எழுத்து நான்கு மையிலும் பிரிந்துவிட்டால், தகடு சற்று விலகினாலும் பொடி எழுத்தின் விளிம்பில் வண்ண நிழல் விழும். ஆகவே பலவண்ணச் சிறப்பு மலருக்கு இன்டிசைனோ இலவசமான ஸ்கிரைபஸோ போன்ற அச்சுப் பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் சரி. சங்கத்தின் ஆண்டறிக்கை, பாடக் குறிப்பு, விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு உலாவியே தாராளமாகப் போதும், தயங்காமல் செய்யுங்கள்.