வெர்மான்டில் ஆட்சி கவுண்டியில் இல்லை, ஊரில் இருக்கிறது
அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள 14 கவுண்டிகளும் நம் மாவட்டங்களைப் போல நிர்வாகத்தின் முதுகெலும்பாக விளங்குகின்றன என்று அம்மாநிலக் கவுண்டிகளைப் பட்டியலிடும் கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. வெர்மான்டின் பர்லிங்டன் நகரில் வசித்தபோது, கிராமப்புறத்தில் வீடு வாங்கவிருந்த நண்பருக்காகப் பழைய நிலப் பத்திரம் ஒன்றைத் தேடிக் கவுண்டி நீதிமன்றத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர்கள், நிலப் பதிவேடுகள் அந்தந்த ஊர் எழுத்தரிடம்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஊர் அலுவலகத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னே, தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட தடித்த பதிவேடுகள் வரிசையாக நின்றன, அவற்றை நானே எடுத்துப் புரட்டவும் அனுமதித்தார்கள். வெர்மான்டில் கவுண்டிக்கு ஆட்சியர் கிடையாது; தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு துணை நீதிபதிகள் (இவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை) கவுண்டியின் சிறிய வரவு செலவைக் கவனிக்கிறார்கள், ஷெரீஃப் (கவுண்டியின் காவல் அதிகாரி) போன்ற சிலர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். சாலைப் பராமரிப்பும் ஊர் வரியும் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாயையொட்டிக் கூடும் ஊர்க்கூட்டத்திலோ வாக்குச்சீட்டிலோ முடிவாகின்றன, பல ஊர்களில் இன்றும் மக்கள் நேரில் கூடி விவாதித்தே வாக்களிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி 5,920 பேர் மட்டுமே வாழும் எசெக்ஸ் கவுண்டியையும், 1,68,000-க்கும் அதிகமானோர் வாழும் சிட்டென்டன் கவுண்டியையும் சம நிலையிலுள்ள நிர்வாக அலகுகளாகக் கட்டுரையின் பட்டியல் நிறுத்துவதும் இதனால்தான் பொருந்தவில்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரே தலைமையூர் என்ற கட்டுரையின் வரியையும் திருத்த வேண்டும்: பென்னிங்டன் கவுண்டிக்குப் பென்னிங்டன், மான்செஸ்டர் என இரண்டு தலைமையூர்கள் உள்ளன.