அந்த 2 மீட்டரில் ஒரு ஆக்டிவா நிற்கும்

ஒரு சந்திப்பில் மேம்பாலம் வருகிறது, யூ-டர்ன் மாறுகிறது என்றால் இப்போதெல்லாம் கூடவே ஒரு அனிமேஷன் வீடியோவும் வருகிறது. குட்டிக் குட்டிக் கார்கள் ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும். 'அப்பாடா, டிராஃபிக் தீர்ந்தது' என்று ஷேர் செய்கிறார்கள். போக்குவரத்துப் பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு வரும் முதல் சந்தேகமே வேறு. அந்தக் கார்களை ஓட்டுவது யார்?

பெரும்பாலும் ஜெர்மன்காரர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாலைப் போக்குவரத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் இந்த சிமுலேஷன் வேலைக்குப் பல நாடுகளில் பயன்படும் விஸ்ஸிம் மென்பொருள் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தது. முன்வண்டியைப் பார்த்துப் பின்வண்டி எப்போது வேகத்தைக் குறைக்கும் என்பதற்கு அதற்குள் இருக்கும் கணக்கு, வீடெமான் என்ற ஆய்வாளர் 1974இல் தந்தது. எதையும் மாற்றாமல் ஓடவிட்டால், சிக்னலில் நிற்கும் கார் முன்காருக்குப் பின்னால் சராசரியாக 2 மீட்டர் விட்டு நிற்கும். நம்மூரில் அந்த 2 மீட்டரில் ஒரு ஆக்டிவா நிற்கும்.

மென்பொருள்மேல் குற்றமில்லை. லேன் நடுவில்தான் போகவேண்டும் என்பதைத் தளர்த்தலாம், இரண்டு பக்கமும் முந்தவிடலாம், எண்களையும் மாற்றலாம். எந்த எண்ணாக மாற்றுவது என்பதற்குத்தான் வெயிலில் இறங்க வேண்டும்.

படிக்கிற காலத்தில் வேளச்சேரி பக்கம் ஒரு மொட்டை மாடியில் கேமரா வைத்து மூன்று மணி நேரம் படம் பிடித்தோம். அதை ஓட்டி ஓட்டிப் பார்த்து எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆனது. பாடப்படி, கிளைச் சாலையில் வருகிறவர் நிற்பார். பெரிய சாலையில் போதுமான இடைவெளி வந்தால் நுழைவார். எத்தனை வினாடி இடைவெளியை ஏற்றார், எதை விட்டார் என்று குறித்து ஒரு எண்ணை எடுக்க வேண்டும். எங்கள் வீடியோவில் அப்படி நின்றவரைத் தேடத்தான் வேண்டியிருந்தது. ஆட்டோ மூக்கை நீட்டும். எதிரே வருகிறவர் லேசாக பிரேக்கைத் தொடுவார். மூக்கு இன்னும் ஒரு அடி உள்ளே வரும். அதன் மறைவில் நாலு பைக் கடந்துவிடும். இடைவெளி வந்து இவர்கள் நுழையவில்லை. நுழைந்து இடைவெளியை உண்டாக்கினார்கள். இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று கேட்டதற்கு எங்கள் பேராசிரியர் சிரித்தார்.

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான ஹெட்டிரோசிம் என்ற சிமுலேஷன் மாதிரியில் லேனே கிடையாது. சாலையின் முழு அகலமும் ஒரே பரப்பு. வண்டி அதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவும் நான் வரவில்லை. 50 கி.மீ. வேகத்தில் வரும்போது மஞ்சள் விழுகிறது. சுதாரிக்க 1 வினாடி, பிறகு ஓரளவு அழுத்தமான பிரேக் என்று வைத்தால் நிற்க ஏறக்குறைய 46 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 வினாடிதான் என்றால் அதற்குள் 42 மீட்டர்தான் போகமுடியும். நடுவில் இருக்கும் அந்த 4 மீட்டரில் மாட்டியவர் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. 1960இலேயே கேஸிஸ், ஹெர்மன், மராடுடின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைக் கணக்காகக் காட்டிவிட்டார்கள். மஞ்சளை 4 வினாடியாக்கினால் நம் ஆட்கள் நிற்பார்களா, இன்னும் முறுக்குவார்களா என்று நிஜ மனிதர்களை வைத்துச் சோதிப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் நூறு முறை மோதவிட்டுப் பார்ப்பது நல்லதுதான்.

ஆனால் அடுத்த வீடியோவோடு ஒரு பக்கக் கணக்கையும் வெளியிடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு எண்ணினீர்கள், ரோட்டில் வரிசை எத்தனை மீட்டர் நின்றது, திரையில் எத்தனை மீட்டர் நின்றது? அந்தக் கணக்கு வந்தால் நானும் ஷேர் செய்கிறேன்.