பாண் தின்பது பஞ்சியாம்

சில நாள்களாக என் உள்பெட்டியில் வந்து குவியும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அந்தப் பெரியவர் ஆற்றிய உரையை, வெட்டிப் பகிரப்பட்ட துண்டாக அல்லாமல், வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை முழுமையாகப் பார்த்துவிட்டேன். பாதி கேட்டுவிட்டுப் பொங்குகிறாள் என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்காகவே இந்தச் சிரமம். விடியற்காலையில் எழுந்து பிட்டு அவிக்கப் பஞ்சிப்படும் (சோம்பல்படும்) தாய்மார்தான் பிள்ளைகளுக்குப் பாணை (பிரெட்டை) வாங்கிக் கொடுத்து நோயாளிகளாக்குகிறார்கள் என்றார் அவர். மண்டபம் கைதட்டியது. கைதட்டியவர்களில் அரைவாசிப் பேருடைய வீட்டில் அன்று காலையும் பாண்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாணை எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்தது தாய்மாரின் பஞ்சி அல்ல. அதைக் கொண்டுவந்தவை அரசாங்கங்களும் கப்பல்களும் யுத்தமும் சம்பளமும். இவற்றில் ஒன்றைப் பற்றியேனும் அந்த மேடையில் ஒரு வசனம் பேசப்படவில்லை.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. நாங்கள் தின்னும் ஒவ்வொரு றாத்தல் பாணும் கடல் கடந்து வந்த தானியம். அப்படியிருந்தும் அது எப்படி நாடு முழுவதற்கும் காலை உணவானது? அரிசி விலையில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை 1953 ஓகஸ்ட் ஹர்த்தால் ஆட்சியாளர்களுக்குக் காட்டியிருந்தது. ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதற்குப் பிரதமர் டட்லி சேனநாயக்க தம் பதவியையே கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகு வந்த அரசுகளுக்கு, வெளிநாட்டு உதவியாகவும் கடனாகவும் கிடைத்த கோதுமை மா கைகொடுத்தது. 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தில் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்ற கதையை உங்கள் வீட்டில் எழுபது வயது கடந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் சிங்கப்பூர் நிறுவனத்தின் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. துறைமுகத்தில் அவ்வளவு பெரிய ஆலையை நிறுவிவிட்டு, மக்கள் பாண் தின்னக்கூடாது என்று எதிர்பார்த்தவர் யாராவது இருந்திருப்பாரா? 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் அணி ஒரு றாத்தல் பாணை 3 ரூபா 50 சதத்துக்குத் தருவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டது; வென்றது; மாவுக்கு மானியம் கொடுத்து விலையையும் குறைத்தது. குரக்கனை (கேழ்வரகை) மலிவாகத் தருவோம் என்று சொல்லி ஆட்சியைப் பிடித்த கட்சி எதையும் நான் அறியேன்.

மலையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகங்கள் அரிசியோடு கோதுமை மாவையும் தொழிலாளருக்குக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துவந்தன. அந்த மாவைத்தான் அவர்கள் ரொட்டியாகத் தட்டினார்கள். அங்கே போய், உங்கள் பாட்டி ஏன் சாமையும் தினையும் சமைக்கவில்லை என்று கேட்கும் துணிவு இந்தப் பேச்சாளருக்கு உண்டா? கேட்டாலும் கேட்பார்.

இனி அவர் புகழ்ந்த பிட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் பிட்டு எதில் அவிக்கப்படுகிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாதா? கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து, அரிதட்டில் அரித்து, வறுத்த அரிசி மா வீட்டில் இருந்தால் அதனோடு கலந்து, இல்லாவிட்டால் தனி அவித்த மாவிலேயே கொதிநீர் விட்டுக் குழைத்து, சுளகில் பரப்பிச் சுண்டுப் பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து, பனையோலை நீத்துப்பெட்டியில் வைத்து அவிப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இடியப்பத்துக்கும் அதே கதைதான். அதாவது, சீனக்குடாவில் அரைத்த அதே மா நீத்துப்பெட்டிக்குள் போனால் பண்பாடு, பாண் சுடும் போறணைக்குள் போனால் நோய். இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய வேறுபாடு, பிட்டை ஒரு பெண் கூலியில்லாமல் அவிக்க வேண்டும் என்பதுதான். என் கோபமும் அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தவர். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு வடக்குக்கு வரும் பொருள்களுக்குத் தடை விழுந்தது, மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் விலை தங்கத்தோடு போட்டியிட்டது. அப்பா கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பிள்ளைகள். கடை திறக்குமுன்பே வாசலில் பங்கீட்டு அட்டைகளோடு வரிசை நிற்கும் என்பதால் அம்மா இருட்டோடு புறப்பட வேண்டும். நாள் முழுவதும் சாக்கு மாவை அள்ளித் தராசில் இட்டு நிறுத்துக் கொடுத்துவிட்டு, புருவத்திலும் இமையிலும் வெள்ளை படிந்தபடி வீடு திரும்புவார். ஊரெல்லாம் பிட்டு அவிக்க மா நிறுத்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டில் பிட்டு அவிக்கப் பொழுது இருக்கவில்லை. அதனால் வெதுப்பக வரிசைக்கு நான் போவேன். ஆளுக்கு ஒரு றாத்தல்தான் என்பதால் தம்பியையும் அழைத்துச் சென்று, உறவில்லாதவர்களைப்போல் இடைவெளி விட்டு நிற்போம். சூட்டோடு கிடைத்த பாணைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, தேங்காய் இருந்தால் சம்பலோடும் இல்லாவிட்டால் பிளேன்ரீயில் தோய்த்தும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோதும், பிறகு ஆண்டுக்கணக்கில் நீண்ட அகதி வாழ்விலும், எங்கள் சனங்களுக்கு நிவாரணப் பொதியில் அரிசி, பருப்பு, சீனியோடு கோதுமை மாவும் வந்தது. 2006 ஓகஸ்டில் குடாநாட்டுக்கான தரைவழியான முகமாலைப் பாதை பூட்டப்பட்டதும் அங்கே மீண்டும் அதே வரிசைகள். வரிசையில் நின்று உயிர் வளர்த்த ஊருக்குத்தான் இன்று ஒருவர் மேடையேறி உணவு ஒழுக்கம் கற்பிக்கிறார்.

அந்தக் காணொளியைத் தங்கை அம்மாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா சினப்பார் என்றுதான் நான் நினைத்தேன். "அவர் சொல்லுறதிலை என்ன பிழை பிள்ளை, நான் உங்களுக்கு ஒழுங்காப் பிட்டு அவிச்சுத் தரேல்லைத்தானே" என்றார். எனக்கு அந்தப் பேச்சாளர் மேல் இருந்த எரிச்சல் ஆத்திரமாக மாறியது அந்த இடத்தில்தான். ஒரு சங்கக் கடையையும் ஒரு குடும்பத்தையும் யுத்தத்துக்குள் தனியாகச் சுமந்த பெண், தள்ளாத வயதில், பாண் வாங்கிக் கொடுத்ததற்காகக் குற்ற உணர்வோடு இருக்கிறார்.

இப்போது வழக்கமான ஆட்சேபங்கள் வரும். முதலாவது, வெள்ளை மாவினால் நீரிழிவு வருகிறது என்பது. தவிடும் முளையும் நீக்கிய மா விரைவாகச் செரித்து இரத்தத்தில் சீனியை ஏற்றும் என்பதையும், எங்கள் சமூகத்தில் நீரிழிவு பெருகியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. வைத்தியர் ஒருவர் நோயாளியிடம் பாணைக் குறையுங்கள் என்று சொன்னால் நான் ஏன் பதிவு எழுதப் போகிறேன்? ஆனால் வைத்தியர் அளவையும் மாற்றையும் சொல்லுவார். தாயைப் பஞ்சிக்காரி என்று சொல்லமாட்டார். அத்தோடு, அதே விழாவின் படங்களில் விருந்தினர் முன்னால் வைத்த சிற்றுண்டித் தட்டு நன்றாகவே தெரிகிறது. ரோல்ஸ், பற்றிஸ், ஒரு துண்டுக் கேக். மூன்றும் என்ன, பனங்கிழங்கு ஒடியல் மாவில் செய்தவையா?

இரண்டாவது, பாண் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது, எங்கள் மரபு அல்ல என்பது. சம்பலுக்கு இடிக்கும் செத்தல் மிளகாயும் அவர்களுடைய கப்பலில் வந்ததுதான். அதையும் கைவிட்டுவிட்டு மிளகோடு மட்டும் வாழ்ந்து காட்டுபவர்களோடு நான் பிறகு பேசுகிறேன்.

மூன்றாவது, வெதுப்பக முதலாளிகளுக்காக வக்காலத்து வாங்குகிறாள் என்பது. ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை மறுபடியும் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது ஏன் என்று எனக்கும் தெரியும். 13.5 கிராம் வரை குறையலாம் என்று சலுகையும் கொடுத்தார்கள். கையில் எடுத்தாலே காற்றாய்க் கிடக்கும் பாணை நானும் வாங்கியிருக்கிறேன். முதலாளியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பாண் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் முதலாளி அல்ல, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு மாமா. ஊர் உறங்கப் போகும் நேரத்தில் அவர் வேலைக்குப் போவார். போறணைக்குள் விறகை அடுக்கி எரித்து, கல் சூடேறியதும் தணலை இழுத்து வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, மா பொங்கிய அச்சுகளை நீண்ட கட்டையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார்கள். அவருடைய முன்னங்கைகளில் மயிர் இருந்து நான் பார்த்ததில்லை. பகலில் அவர் உறங்குவதால் அந்த வேலியோரம் நாங்கள் சத்தம் போட்டு விளையாடியதுமில்லை. அவரையும் பஞ்சிக் கணக்கில் சேர்ப்பதா?

2022இன் பொருளாதார நெருக்கடியை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா என்பதுதான் எனக்கு வியப்பு. டொலர் இல்லை, மா இல்லை, எரிவாயு இல்லை. எரிவாயு அடுப்பை நம்பியிருந்த வெதுப்பகங்கள் பூட்டுப் போட்டன. உக்ரைன் யுத்தத்தால் கோதுமை விலை ஏற, மே மாதத்தில் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. பாணின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. அன்று பாணைக் கைவிட்டவர்கள் குரக்கனுக்கு மாறவில்லை. பலர் ஒரு வேளைச் சாப்பாட்டையே கைவிட்டார்கள். கால் றாத்தல் வாங்கி நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்த வீடு எனக்குத் தெரியும். அந்த நாள்களில் எங்கள் அறிஞர்கள் யாரும் மேடையேறி, நல்லதாயிற்று, இனி நீரிழிவு குறையும் என்று சொன்னதாக நினைவில்லை.

நான்காவது ஆட்சேபம் ஏற்கெனவே அந்தக் காணொளியின் கீழேயே எழுதப்பட்டுவிட்டது: கைபேசி பார்க்க நேரம் இருக்கிறது, பிட்டு அவிக்க நேரம் இல்லையா? இதை எழுதியவர்கள் எல்லாருமே ஆண்கள், எல்லாருமே கைபேசியில்தான் எழுதியிருக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் விடியுமுன் வீதிக்கு வந்து ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களை இவர்கள் பார்த்ததில்லையா? அந்தப் பெண் பிட்டு அவிப்பதென்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட நாள்களில் அவள் எத்தனை தேங்காய் துருவ முடியும்? முச்சக்கர வண்டியில் பீத்தோவனின் இசை ஒலிக்கப் பாண்காரர் ஒழுங்கைக்குள் வரும்போதுதான் அவளுக்குப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பற்றிய கவலை தீர்கிறது. நல்ல உணவு வேண்டுமென்றால் அவளுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள், குரக்கன் மாவின் விலையைப் பற்றிப் பேசுங்கள், தவிட்டு மாப் பாண் ஏன் சாதாரணப் பாணைவிட விலை கூடியது என்று கேளுங்கள், பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது என்று கேளுங்கள். அதிபரும் கல்வி அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்ந்திருந்த விழா அது. கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அந்தப் பெரியவர் தாய்மாரைத்தான் கேட்டார், அவர்கள் யாரும் எழுந்து பதில் சொல்லமாட்டார்கள் என்பதால்.

அந்தப் பெரியவரை அறிந்தவர்கள், அவர் நல்ல மனிதர், அவரைப் புண்படுத்தாதே என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும். நான் அவருடைய பெயரை எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை. ஆனால் என் அம்மா புண்பட்டதைப் பற்றி அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பின்னூட்டத்தில் குரக்கன் பிட்டின் செய்முறையை எழுத வருபவர்கள், அதை உங்கள் வீட்டில் யார் அவிக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத செய்முறைகளை நான் நீக்கிவிடுவேன்.