தொடர்ந்து வர வேண்டியது யார்?

"குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகிறது?" என்று மகள் கைக்குழந்தையாக இருந்த நாட்களில் யாராவது கேட்டால், நான் ஒரு பதில் சொல்வேன், என் மனைவி வேறொரு பதில் சொல்வார். பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் பத்து மாதம், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால் ஏழரை மாதம். எங்கள் மகள் 29-ஆவது வாரத்தில் 1,120 கிராம் எடையுடன் பிறந்தவள். நாற்பது வாரத்துக்குக் குறைந்த அந்தப் பதினொரு வாரத்தைக் கழித்துச் சொல்வதைத் திருத்தப்பட்ட வயது என்கிறார்கள். குழந்தை குப்புற விழுவதையும் உட்காருவதையும் பேசுவதையும் இரண்டு வயது வரையில் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும், தடுப்பூசியை மட்டும் பிறந்த தேதிக் கணக்கில் போட வேண்டும். இவ்வளவு அடிப்படையான செய்தியை எங்களுக்கு முதலில் விளக்கியவர் ஒரு மருத்துவர் அல்லர்; பக்கத்து இன்குபேட்டரில் இருந்த குழந்தையின் தாய்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. ஓடுகிறாள், ஓயாமல் பேசுகிறாள், என்னைத் திருத்துகிறாள். அவளைக் காப்பாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் நாங்கள் நன்றியோடு நினைக்காத நாளில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவு ஒரு குறையைப் பற்றியது. வார்டுக்குள் கிராம் கணக்கில் எங்கள் குழந்தையைக் கவனித்த மருத்துவம், வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவளைத் தொடரவில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் மருத்துவத்தைத் தொடர்ந்து சென்றோம். குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் பலரிடம் பேசிய பிறகு, இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகள் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்ற அளவுக்கு வரும் இந்தக் கூட்டத்துக்கு, வீட்டுக்குப் போன பிறகு என்ன என்ற கேள்வி சின்னக் கேள்வியாக இருக்க முடியாது.

ஐம்பத்து மூன்று நாள் கழித்து எங்களை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை. குழந்தை அழவில்லை, மானிட்டர் சத்தம் இல்லாததுதான் காரணம். ஏழு வாரமாக அவளுடைய மூச்சையும் இதயத் துடிப்பையும் ஓர் இயந்திரம் எங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்த வேலையை என் ஆள்காட்டி விரல் செய்தது. அரைமணிக்கொரு முறை மூக்கருகில் விரலை வைத்து, அந்த இளஞ்சூடு தட்டுப்பட்ட பிறகுதான் படுப்பேன். இப்படித்தான் இருக்கும், இத்தனை நாளில் சரியாகிவிடும் என்று யாராவது ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்பது பக்கம். அதில் எட்டாம் பக்கத்தின் அடியில், இரும்புச்சத்துச் சொட்டு மருந்தின் அளவுக்கும் கேட்கும் திறன் பரிசோதனை முடிவுக்கும் நடுவில், அடுத்த கண் பரிசோதனைக்கான தேதி ஒரு வரியாக இருந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை இரத்தக் குழாய்கள் வயிற்றுக்குள் முழுமையாக வளர்ந்து முடிந்திருப்பதில்லை. வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடக்கூடும். உரிய நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் லேசர் சிகிச்சையாலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் அந்த உரிய நேரம் மிகக் குறுகியது. சிகிச்சை தேவை என்று தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தையின் கண்ணில் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று சம்மரியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வார்டிலிருந்து கிளம்பும்போது ஒரு செவிலியர் எங்களை நிறுத்தி, ஃபைலை வாங்கி, மேலட்டையில் சிவப்புப் பேனாவால் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி வட்டமிட்டு, "எது மறந்தாலும் இதை மறந்துடாதீங்க சார்" என்றார். மகளின் பார்வைக்கும் அதன் இழப்புக்கும் இடையில் அன்று இருந்தது அந்தச் சிவப்பு வட்டம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அந்த நல்ல மனிதர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்?

கங்காரு பராமரிப்பைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்த நிலையில், எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டத்தில் நெஞ்சோடு அணைப்பதும் தாய்ப்பாலும் மட்டும் இல்லை. குழந்தையைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்புவதும், அனுப்பிய பிறகு நெருக்கமாகத் தொடர்ந்து பார்ப்பதும் அதன் பிரிக்க முடியாத பகுதிகள். உலகம் முழுவதும் அந்த அணைப்பின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டது. சீக்கிரமாக அனுப்புவதைப் படுக்கைப் பற்றாக்குறை எல்லா இடத்துக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. தொடர்ந்து பார்ப்பதுதான் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

எங்களுக்குத் தொடர் பரிசோதனையே இல்லாமல் இல்லை. கண்ணுக்கு ஓரிடம், காதுக்கு ஓரிடம், தலை ஸ்கேனுக்கு ஓரிடம், பிசியோதெரபிக்கு ஓரிடம், எடைக்கும் தடுப்பூசிக்கும் ஓரிடம் என்று போனோம். ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை வாரம், எத்தனை கிராம், எத்தனை நாள் ஆக்சிஜன், மூளையில் இரத்தக்கசிவு இருந்ததா, இரத்தம் ஏற்றினார்களா என்ற கேள்விகளுக்கான பதில்களை, மார்பை அழுத்தும் அந்த நாட்களின் நினைவோடு சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிக்க வேண்டும். கண் மருத்துவர் எழுதியதைப் பிசியோதெரபிஸ்ட் படிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அந்த ஃபைலைச் சுமந்த நான். எனக்கோ மருத்துவம் தெரியாது. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபைலோடு நான் உட்கார்ந்திருந்தாலும், "அம்மா வரலையா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அப்பாக்களுக்கும் அந்த ஐம்பத்து மூன்று நாட்கள் நடந்தன என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

விதிவிலக்காக ஒரு நாள் இருந்தது. திருத்தப்பட்ட வயதில் மூன்றரை மாதம் இருக்கும்போது, மூளையின் வளர்ச்சியை அறிய, குழந்தையின் இயல்பான அசைவுகளைக் கவனிக்கும் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஹெயின்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவ ஆய்வாளர் உருவாக்கிய முறை அது. கருவி எதுவும் தேவையில்லை. குழந்தை விழித்து, அழாமல், மல்லாந்து படுத்திருக்கும் சில நிமிடங்களை மேலிருந்து வீடியோ எடுத்தால் போதும். அந்தப் பருவத்தில் கை, கால், கழுத்து எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய சிறுசிறு நெளிவசைவுகள் இருக்கின்றனவா என்று, பயிற்சி பெற்றவர் அதைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பெண் மருத்துவர் வீடியோவை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "இங்க பாருங்க, மணிக்கட்டைப் பாருங்க, இதைத்தான் தேடுறோம்" என்று காட்டினார். எங்கள் குழந்தையை எங்களோடு சேர்ந்து பார்த்த முதல் மருத்துவர் அவர். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு எங்களிடம் முடிவைச் சொன்னவர்கள்.

திருத்தப்பட்ட இரண்டு வயதில் பெரிய பரிசோதனை நடந்தது. சின்ன மேசை, சிவப்புக் கட்டைகள், ஒரு படப் புத்தகம். கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். மகள் ஒன்றை எடுத்து மேசைக்கடியில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் கிண்ணங்களை ஐந்து வரை அடுக்குவாள் என்று நான் வாயெடுத்தேன்; "நீங்கள் பேசக் கூடாது" என்றார்கள். பரிசோதனையின் விதி அதுதான், நியாயமான விதியும்கூட. ஆனால் பரிசோதனை முடிந்த பிறகும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வயதுக்கேற்ற வளர்ச்சி என்று எழுதி, "இனிமேல் நீங்கள் வர வேண்டியதில்லை" என்று வாழ்த்தி அனுப்பினார்கள். படியிறங்கும்போது மனைவி அழுதார். மகிழ்ச்சி பாதி, கைவிடப்பட்டது போன்ற உணர்வு பாதி.

எங்கள் உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. ஆறு வயதில், பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து நோட்டில் எழுத அவளால் முடியவில்லை. கண்ணாடி தேவையில்லை என்றார் கண் மருத்துவர். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிற்பாள். எண்களை ஒப்பிப்பாள், ஆனால் ஏழு பெரியதா ஒன்பது பெரியதா என்றால் தடுமாறுவாள். வகுப்பு இரைச்சலில் சோர்ந்துபோய் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். கவனக்குறைவு என்றார் ஆசிரியர், செல்லம் என்றார்கள் உறவினர்கள். அவள் எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமைக்குக் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை.

மருத்துவ உலகுக்கு இது தெரியாத செய்தியும் அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் மிகக் குறைந்த வாரங்களில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த எபிக்யூர் ஆய்வு, அவர்களை இரண்டரை வயதில், ஆறு வயதில், பதினொரு வயதில், பிறகு பத்தொன்பது வயதிலும் பார்த்தது. இரண்டரை வயதில் குறைபாடு எதுவும் இல்லை என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு ஆறு வயதில் சிரமங்கள் வெளிப்பட்டன. கவனமும் கணக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இடறும் இடங்கள் என்பது அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. இவை பள்ளி என்ற ஒன்று வந்த பிறகே வெளிப்படக்கூடிய சிரமங்கள். இரண்டு வயதில் கட்டை அடுக்கச் சொல்லி இவற்றைக் கண்டுபிடித்துவிட முடியாது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு நான்கு வயதிலும் ஒரு மதிப்பீடு வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு வாரம் தள்ளிப் பிறந்த என் மகளைப் போன்றவர்களுக்கு அங்கேயும் அது உறுதியில்லை.

பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் நன்றாகத்தானே வளர்கிறார்கள், எல்லோரையும் பள்ளி வயது வரை இழுத்தடிப்பது வீண் பயத்தை உண்டாக்காதா என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நெற்றியில் முத்திரை குத்தியதுபோல் என் மகள் வளர்வதை நானும் விரும்பவில்லை. ஆனால் எங்களுக்குப் பயம் வந்தது தகவல் இருந்ததால் இல்லை, நள்ளிரவில் தனியாக இணையத்தில் தேடியதால் வந்தது. நாங்கள் கேட்பது கூடுதலான பரிசோதனைகளும் இல்லை. சம்மரியின் முதல் பக்கத்தில் தவறவிடக் கூடாத தேதிகள் தனியாக இருக்க வேண்டும், ஒரு தேதி தவறினால் மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வர வேண்டும். எல்லாத் துறைகளின் முடிவுகளையும் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு ஒருவருக்கு, அவர் மூத்த செவிலியராக இருந்தாலும் போதும், இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும் வயதில் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, "எப்படி இருக்கிறாள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளே, இந்தக் குடும்பங்களுக்கு ஆதரவு தர வேண்டும், வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்கின்றன. ஆகவே நான் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

ஒன்பது பக்கச் சம்மரியையும் பிறகு சேர்ந்த அறிக்கைகளையும் வைத்து, நானே ஒரு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிப் பள்ளியில் கொடுத்தேன். ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை முதல் வகுப்பிலேயே கொடுத்திருக்கலாமே சார்" என்றார். இப்போது அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார், வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அடுத்த மாதம் கற்றல் மதிப்பீட்டுக்கு நாள் கிடைத்திருக்கிறது. அதற்கான படிவம் நேற்று வந்தது, நான்கு பக்கம். எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்ற கேள்வி அதிலும் இல்லை. முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில், சிவப்புப் பேனாவால், 29 வாரம் என்று எழுதி வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.