கம்பெனி திவாலானால் தேர்தலில் நிற்க முடியாதா?

"நடத்திய கம்பெனி திவாலானவர் தேர்தலில் நிற்கவே முடியாது, அவர் மோசடிக்காரர்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அரசியலமைப்புச் சட்டத்தின் 102, 191ஆம் பிரிவுகள் தடுப்பது, நீதிமன்றம் திவாலானவர் என அறிவித்து, அதிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாத தனிநபரைத்தான். கம்பெனி என்பது சட்டப்படி, அதை நடத்துபவரிலிருந்து வேறான ஒரு தனி ஆள். அது நொடித்தால் இயக்குநரும் திவாலானவர் ஆகிவிட மாட்டார். தொழிலில் நஷ்டப்பட்டவரையெல்லாம் திருடன் என்பது அநியாயம்.

ஆனால் வேட்பாளரின் பழைய வியாபாரத்தைக் கட்டாயம் பாருங்கள். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்த வங்கிக்கு எவ்வளவு கடன், அரசுக்கு என்ன பாக்கி, நிலுவை வழக்குகள் எவை என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் படிக்கலாம். அந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.