பந்தியில் ஆரம்பிப்போம், பிரசங்க மேடையில் வேண்டாம்

போன வாரம் ஆராதனை முடிந்து அன்பின் விருந்துக்கு உட்கார்ந்தோம். எனக்கு எதிரே ஒரு அக்கா. சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. சைவத்துக்கென்று தனி மேசை போட்டிருந்தார்கள், அக்கா அங்கேதான் போய் எடுத்து வந்தார். தட்டைப் பார்த்தேன். எண்ணெயில் பொரித்தது இரண்டு, வெள்ளை மாவில் செய்தது ஒன்று, பாகில் ஊறியது ஒன்று. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளரித் துண்டு. "இறைச்சியை விட்டு ஆறு மாசம் ஆச்சு தம்பி, சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேங்குது" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அக்காவிடம் எந்தத் தப்பும் இல்லை. எதை விட வேண்டும் என்று மேடையில் நின்று சொன்னோம். எதைச் சாப்பிட வேண்டும் என்று யாரும் சமைத்துக் காட்டவில்லை.

தாவர உணவை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆதியாகமம் 1:29-இல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆகாரமே விதை தரும் பூண்டுகளும் கனிகளும்தான். ஆனால் 9-ஆம் அதிகாரத்தில் நோவாவுக்கு இறைச்சியும் அனுமதிக்கப்படுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் சீஷர்களுக்கு மீன் சுட்டு வைத்திருந்தார். நாம் அடிக்கடி எடுத்துக் காட்டும் தானியேலையே பாருங்கள். முதல் அதிகாரத்தில் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும். பத்தாம் அதிகாரத்தில், துக்கம் அனுசரித்த மூன்று வாரம் இறைச்சி தன் வாய்க்குள் போகவில்லை என்கிறார். அப்படியென்றால் மற்ற நாட்களில் சாப்பிட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? இதை மறைத்துவிட்டு வேதம் சைவத்தைக் கட்டளையிடுகிறது என்று சொல்வது நேர்மை இல்லை.

இந்த விஷயத்தில் அதிகம் உழைத்தவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார். அந்தச் சபையை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எலன் வைட் ஆரோக்கியத்தைப் பற்றி விரிவாகப் பேச ஆரம்பித்தது 1863-இல். ஆனால் தன் மேசையிலிருந்து இறைச்சியை முழுவதுமாக விலக்கியது 1894-இல்தான். முப்பது வருடம்! நம் சபைகளில் ஒரு புது விசுவாசிக்கு முப்பது நாள்கூடக் கொடுப்பதில்லை.

அந்தச் சபையாரை வைத்து கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் இருந்து பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2013-இல் வெளியான ஒன்றில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம், சைவ வகை உணவுக்காரர்களுக்கு மொத்தமாகப் பார்த்தால் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவு. அந்த வகைகளில் மீன் மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்களும் அடக்கம், அவர்களுக்கும் நல்ல பலன்தான். முந்தைய ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது. புகைக்காமல் இருப்பது, உடற்பயிற்சி, சரியான எடை, சைவ உணவு, அடிக்கடி கொட்டைப் பருப்புகள் சாப்பிடுவது, இவையெல்லாம் சேரும்போது ஆயுளில் பத்து வருடம் வரை வித்தியாசம் வரலாம் என்றது. கவனியுங்கள், உணவு அதில் ஒரு பங்கு. அந்தச் சபையார் வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கிறார்கள், ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். அதற்கும் பங்கு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது என்னை அதிகம் உறுத்துவது. ஒரு சபையில் ஒரு அண்ணன் ஆசையாகச் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரத்தை ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "இதை ஜனங்க முன்னாடி வைக்காதீங்க" என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. துணியைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் பந்தியில் அவரை நான் பார்த்ததே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. புசிக்கிறவனும் புசியாதவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று ரோமர் 14-இல் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஒரு தட்டுக்காக ஒரு சகோதரனை இழந்தோம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பிரசங்கத்தை நிறுத்திவிட்டு சமையலில் இறங்குவோம். கொண்டைக்கடலையையோ காய்ந்த பீன்ஸ் விதையையோ முதல் நாள் இரவு ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேக வைத்து, வெங்காயம் வதக்கிச் சேர்த்தால் வயிறு நிறையும். நார்ச்சத்தும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது. பக்கத்தில் தீட்டாத தானியம், கீரை, பழம், ஒரு கைப்பிடி கொட்டை. பந்தியின் முதல் மேசையில் இவை இருக்கட்டும், மற்றது பின்னால் இருக்கட்டும். யாரும் யார் தட்டையும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். முட்டை, பால் உட்பட எல்லாவற்றையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 கட்டாயம் எடுக்க வேண்டும், மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ. தாவர உணவை நம்பி இருந்தால் அது போதிய அளவு கிடைக்காது. பற்றாக்குறை நீண்டால் நரம்பு பாதிக்கும், "விசுவாசம் இருந்தால் போதும்" என்று இதில் விளையாடாதீர்கள். அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் உணவைத் திடீரென்று மாற்றினால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பும் கீரையும்கூட அளவோடுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. "அடுத்த வாரம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து கடலை வேக வைப்போமாக்கா?" என்று மட்டும் கேட்டேன். எந்தப் பாத்திரத்தில் என்று கேட்டார். முந்தின இரவே ஊறப் போட வேண்டும், மறக்கக் கூடாது.

உங்கள் சபையில் பந்தி ஏற்பாடு செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என்ன சமைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஐம்பது பேருக்கான அளவு தெரிந்தால் அதையும் சேர்த்து.